குளிர்மலையில் ஏசி

ஐப்பசி மாதத்து வத்தல்மலையில் ஒருவன் வாசலில் காரை நிறுத்தி, எங்கேயும் போகாமல், ஏசியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால் ஊர் சும்மா இருக்குமா? கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பால் ஊற்றப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். பக்கத்துக் காட்டுக்காரன் மாதப்பன் வாரம் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பான்.

"என்னா ஜெயபாலு, இன்னிக்கும் மலைக்கு ஏசி போடறியா? எங்க வூட்டுப் பக்கமும் கொஞ்சம் திருப்பி வையேன்."

ஜெயபால் சிரிக்கவும் மாட்டான், கோபிக்கவும் மாட்டான். போனட்டைத் தூக்கி, கம்ப்ரசர் 'டக்' என்று பிடிக்கிறதா என்று காது கொடுப்பான். பிடித்ததும் எஞ்சின் சத்தம் ஒரு படி கனத்துப்போகும், தலையில் புல்லுக்கட்டை ஏற்றியவன் நடை மாறுவதைப்போல. வண்டியின் அடியில் தண்ணீர் சொட்ட ஆரம்பிக்கிற வரைக்கும் ஓடவிட்டு, பிறகு அணைப்பான். மற்ற வேலைகள் எதைத் தள்ளிப்போட்டாலும் இதை அவன் தள்ளிப்போட்டதில்லை.

இதெல்லாம் ஒருத்திக்காக. எதிர்ச் சரிவில் கேழ்வரகுக் காட்டுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு தனியாக இருக்கும் காசியம்மாள், இறந்துபோன அவன் மனைவி ரேவதியின் தாய். அவள் அந்தக் காரில் ஏறுவதில்லை. பஸ் வந்தால் பஸ்ஸில் போவாள், வராவிட்டால் வளைவு வளைவாக நடந்தே இறங்குவாள். ஜெயபால் பின்னாலேயே காரைக் கொண்டுவந்து நிறுத்தினால், "நீங்க போங்க மாப்ள, எனக்குக் காலு நல்லாத்தான் இருக்குது" என்பாள். அந்த 'மாப்ள'வில் ஒரு குறையும் இருக்காது. வீட்டுக்குப் போனால் களி கிண்டிப் போடுவாள், மழை வந்தால் இருந்துவிட்டுப் போகச் சொல்வாள். கார் மட்டும்தான் ஆகாது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்கு லேசாக இருந்திருக்கும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் இந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் தன்னை மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவன் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான்.

அது பழைய மாருதி எண்ணூறு. தர்மபுரியில் ஒரு பேங்க் ஆபீசர் ஓட்டிக் கழித்த வண்டி. கீழே வெயிலில் வாழ்ந்த மனுஷன் ஏசியைக் கண் மாதிரி பார்த்துக்கொண்டார். ஆனால் ஹீட்டருக்குப் போகிற ரப்பர் குழாய் ஒழுகியபோது, 'நம்ம ஊருக்கு இது ஒரு கேடா' என்று குழாயை அடைத்துவிட்டார். வண்டி மலைக்கு வந்தது. உர மூட்டையோடு வளைவுகளில் ஏறும்போது மூச்சு வாங்கியது. ஏசியை அணைத்தே வைத்திருந்தாலும் கம்ப்ரசரோடு சேர்த்த பெல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அதுதான் இழுக்கிறது என்று முடிவாயிற்று. மலையில் இருப்பவனுக்குக் குளிர்காற்றை விலைக்கு வாங்கவா வேண்டும்? ஜெயபால் பெல்ட்டைக் கழற்றி மாட்டுக்கொட்டாய் ஆணியில் மாட்டிவிட்டான். கீழே இருந்தவர் சூட்டை எடுத்தார், மேலே இருந்தவன் குளிரை எடுத்தான். இரண்டும் இல்லாமல் வண்டி ஓடத்தான் ஓடியது.

ரேவதியைக் கட்டுவிரியன் கடித்தது அதற்கு அடுத்த வருஷம். கடித்ததே தெரியவில்லை. பாயில் படுத்திருந்தவள் விடிவதற்கு முன்னால் எழுந்து வயிறு வலிக்கிறது என்றாள். காசியம்மாள் அன்றைக்கு மகள் வீட்டில்தான் இருந்தாள். ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். கிழக்கு வெளுக்கும்போது ரேவதி, "கண்ணு தொறக்க மாட்டேங்குதுங்க" என்றாள். தூக்கம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பேச்சு குழறியபோதுதான் ஜெயபால் பாயைச் சுருட்டினான். மூலையில் அது சுருண்டு கிடந்தது.

தாயும் மகளும் பின்சீட்டில். ரேவதியின் தலை காசியம்மாள் மடியில். வெளியே மழை, அதன்மேல் மூடுபனி. மூன்றாவது வளைவைத் தாண்டவில்லை, முன்கண்ணாடி உள்பக்கமாக வெளுத்துவிட்டது. நனைந்த துணியும் மூன்று பேர் மூச்சும் சேர, அது வெந்நீர்ப் பானை மூடியைப்போல வேர்த்தது. துண்டால் துடைத்தான். துடைத்த இடம் அடுத்த மூச்சில் மூடிக்கொண்டது. கதவுக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, முகத்தில் மழை அறைய ஓட்டினான். வளைவுக்கு வளைவு நின்று, இறங்கிப் பார்த்து, ஏறி ஓட்டினான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றும் இல்லை. நடந்து போகிறவன் வேகம்கூட இல்லை. அடிவாரத்தில் ரோடு நேரானபோது காசியம்மாள், "மூச்சு கம்மியாவுது, ஓட்டுங்க" என்றாள். ஓட்டினான். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்தபோது ரேவதி இல்லை.

மூடுபனி கொன்றுவிட்டது என்று ஊர் சொன்னது. ஜெயபாலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். மலையையும் பனியையும் யாரும் ஒன்றும் கேட்க முடியாது, அதில் ஒரு ஆறுதல் இருந்தது. காசியம்மாளும் அப்போதெல்லாம் அந்தக் காரில்தான் வந்து போனாள். கருமாதிச் சாமான் வாங்க, ரேஷனுக்கு, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு. பின்சீட்டில் மகள் கிடந்த பக்கத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்த ஆறுதல் போனது பாலக்கோடு ரோட்டில். லாரியில் ஏற்றிப்போன பீன்ஸை மண்டியில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றவனை வியாபாரி சந்திரமோகன் தன் காரில் ஏற்றிக்கொண்டார். நல்ல மழை. தக்காளி விலை ஏன் இறங்கியது என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடி வெளுக்க ஆரம்பித்தது. ஜெயபாலின் கை தானாகத் துண்டைத் தேடியது. சந்திரமோகன் பேச்சை நிறுத்தவில்லை. ஒரு பொத்தானை அமுக்கினார், ஒரு குமிழைத் திருப்பினார். கண்ணாடி அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே போனது. எதிரில் வந்த லாரியின் நம்பர் தெரிந்தது.

"இப்ப என்னாங்க பண்ணீங்க?" என்று கேட்டான்.

"ஏசி போட்டேன்."

"மழையில எதுக்குங்க ஏசி?"

"கண்ணாடிக்குத்தான். உள்ள இருக்கற ஈரத்தை இழுத்துக்கும். ஏன், உங்க வண்டில இல்லீங்களா?"

"இருந்துச்சுங்க" என்றான் ஜெயபால்.

அதற்குப் பிறகு தர்மபுரி வரைக்கும் அவர் என்ன பேசினார் என்று அவனுக்குத் தெரியாது. பெல்ட் ஆணியில் தொங்குவது மட்டும் கண்ணுக்குள் தொங்கிக்கொண்டே வந்தது. ஏறும்போதுதான் வண்டிக்கு மூச்சு வாங்கும். இறங்கும்போது ஏசி போட்டால் எஞ்சினுக்கு என்ன சுமை? ஒன்றும் இல்லை. அன்றைக்கு அவர்கள் இறங்கத்தான் இறங்கினார்கள்.

மலைக்கு வந்ததும் நேராகக் காசியம்மாள் வீட்டுக்குப் போனான். கட்டின துணியோடு வாசலில் நின்றே சொல்லிவிட்டான். ஏசி இருந்திருந்தால் கண்ணாடி தெளிந்திருக்கும், பெல்ட்டைக் கழற்றாமல் இருந்திருந்தால் நேரத்துக்குப் போயிருக்கலாம் என்று. அடி வாங்கத் தயாராகத்தான் போயிருந்தான். காசியம்மாள் முறத்தில் இருந்த சாமையைப் புடைப்பதை நிறுத்தவில்லை. கொஞ்சம் கழித்து, "உக்காருங்க மாப்ள, சாப்புடுவீங்க" என்றாள். அதிலிருந்துதான் அவள் அந்தக் காரில் ஏறுவதில்லை.

ஜெயபால் பெல்ட்டை எடுத்து மாட்டினான். பெல்ட் சுற்றியது, ஏசி வேலை செய்யவில்லை. தர்மபுரியில் ஏசி மெக்கானிக் இன்னாசியிடம் கொண்டுபோனான். இன்னாசி வாயாடி. வண்டியைச் சுற்றி வந்து, "எந்த ஊருங்க?" என்றார். வத்தல்மலை என்றதும், "எங்கிட்ட ஏசி வேணும்னு கொளத்துலருந்து ஒரு மீன் வந்து நின்னா எப்படி இருக்கும், அப்படி இருக்குதுங்க" என்றார். ஜெயபால் காரணத்தைச் சொன்னான். இன்னாசி அன்று முழுக்க வேறு தமாஷ் எதுவும் பேசவில்லை. சும்மா கிடந்ததில் கம்ப்ரசர் உள்ளே எண்ணெய் வறண்டு, சீல் காய்ந்து, கேஸ் எல்லாம் எப்போதோ கசிந்து போயிருந்தது. சேலத்தில் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்திலிருந்து வேறொரு கம்ப்ரசர் வந்தது. அது ஒரு தடவை ஏமாற்றியது, மாற்றினார்கள். குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிற இடத்தைத் தேடினார்கள்.

"பழைய வண்டி ஏசியும் வயசாளி காலும் ஒண்ணுங்க. தெனம் நடந்தா நடக்கும். படுத்துட்டா படுத்ததுதான். குளுரோ மழையோ, வாரத்துக்கு ஒருக்கா ஓட்டிப்புடுங்க" என்று இன்னாசி சொல்லி அனுப்பினார்.

அப்படி ஆரம்பித்ததுதான் இந்த வாராந்திர வேலை. மண்ரோட்டுச் சேறு முன்னால் இருக்கிற கண்டன்சரில் அப்பிக்கொள்ளும். மெல்லிய தகடு மடங்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கேழ்வரகு அறுப்புக் காலத்தில் எலி, காற்றைத் தள்ளுகிற ப்ளோயருக்குள் கூடு வைக்கும். ஒரு தடவை ஏசியைப் போட்டதும் காற்றுக்குப் பதிலாக உமியும் பஞ்சும் முகத்தில் கொட்டின. கம்பி வலை வைத்துத் தைத்தான். இந்த வண்டிக்கு இனி செலவு செய்யாதே, விற்றுத் தொலை என்று மாதப்பன் நல்லதுக்குத்தான் சொன்னான். ஜெயபால் கேட்கவில்லை. மழைக்காலத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் இப்போதெல்லாம் அவன் காரைத்தான் கேட்டார்கள். பிரசவத்துக்கு இரண்டு பேரை இறக்கினான், கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஆனால் அவன் மனசு எதிர்ச் சரிவையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் வாசலில் கம்ப்ரசர் பிடிக்கிற சத்தம் பள்ளத்தைத் தாண்டி அங்கே கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். கேட்கட்டும் என்றுதான் போனட்டைத் திறந்தே வைப்பான். நான் சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று அவளுக்குச் சொல்வதாக அவன் நினைப்பு.

இந்த ஐப்பசியில் காசியம்மாளுக்குக் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். வலது கண்ணில் புரை. காலையிலேயே தர்மபுரியில் இருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே மழை ஊற்றியது. மரம் விழுந்துவிட்டது, பஸ் மேலே வராது என்று தகவல் வந்தது. மரத்தை ஓரமாக வெட்டித் தள்ளி, சின்ன வண்டி போகிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். ஜெயபால் விடிந்ததும் காரைக் கழுவித் தயாராக நிறுத்தினான். கூப்பிடப் போகவில்லை. கூப்பிட்டால் 'காலு நல்லாத்தான் இருக்குது' என்று பதில் வந்துவிடும் என்று பயம்.

அவளாகவே வந்தாள். உரச் சாக்கை மடித்துத் தலையிலிருந்து முதுகுவரை கொங்காணி போட்டுக்கொண்டு, கையில் ஒரு பையோடு, வழுக்கி வழுக்கி சரிவில் ஏறி வந்தாள். காரைச் சுற்றி வந்து, பின்கதவைப் பார்த்தாள். பிறகு முன்கதவைத் திறந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒத்தக் கண்ணை வச்சிக்கிட்டு இந்த மழையில எங்க நடக்கறது" என்றாள், யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

மூன்று வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தது பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜெயபால் வண்டியை எடுத்தான்.

மூன்றாவது வளைவில் மூடுபனி. அதே இடம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நனைந்த சாக்கின் ஈரம், அவள் சேலையின் ஈரம், இரண்டு பேர் மூச்சு. கண்ணாடியின் ஓரங்கள் வெளுத்தன. நடுவில் ஒரு கை அகலம் மட்டும் மிச்சம் இருந்தது. காசியம்மாள் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இதற்காகத்தானே எல்லாம் என்று நினைத்து ஜெயபால் பொத்தானை அமுக்கினான். எஞ்சின் லேசாகத் தயங்கி, சுமையை ஏற்றுக்கொண்டது. குளிர்ந்த காற்று கண்ணாடியின் அடியில் பட்டு மேலே படர்ந்தது. வெள்ளை விலகிக்கொண்டே போனது. வளைவின் கைப்பிடிச் சுவர், அதில் அடித்திருந்த கறுப்பு வெள்ளைப் பட்டை, அதற்கப்பால் பள்ளத்தில் நின்ற சில்வர் ஓக் மரத்தின் உச்சி, எல்லாம் தெரிந்தன.

அவள் பாராட்டுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஒரு பெருமூச்சாவது விடுவாள் என்று நினைத்தான். காசியம்மாள் நல்ல கண்ணை இடுக்கிக்கொண்டு கண்ணாடியையே பார்த்தாள். கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

ஜெயபால் காரை ஓரமாக நிறுத்தினான். இத்தனை வருஷம் கழுவி, துடைத்து, கேஸ் அடைத்து அவன் வளர்த்து வைத்திருந்தது அந்த ஒரு வார்த்தையில் சின்னதாகிப் போயிற்று. அவ்வளவுதான். ஒரு பொத்தான். ஒரு ரப்பர் பெல்ட். அது எவ்வளவு சின்ன விஷயம் என்பதைக் கண்ணால் பார்க்கிறவரைக்கும் அது அவளுக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது காட்டிவிட்டான்.

"நாந்தான் அத்தை" என்றான். "நாந்தான் கழட்டுனேன். மன்னிக்கச் சொல்லல. நீங்க என்னை நாலு வார்த்தை திட்டியாச்சும் இருக்கலாம்."

காசியம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, குழப்பம்.

"நான் எதுக்கு உங்களைத் திட்டறேன்? கழட்டச் சொன்னதே நான்தானே."

அவனுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு மூட்டையோட ஏற மாட்டாம ஒம்போதாவது வளைவுல நின்னுச்சே. நான் பின்னாடி உக்காந்திருந்தேன். அந்த ஏசிச் சனியனைக் கழட்டி எறியுங்க மாப்ள, மலையில பொறந்தவங்களுக்கு எதுக்கு அதுன்னு நான்தான் சொன்னேன். அப்புறம் நீங்க வாசல்ல வந்து நின்னு, ஏசி இருந்திருந்தா பொழைச்சிருப்பான்னு சொன்னீங்க. என்னைச் சொல்லாம வேற யாரைச் சொல்றீங்க? பெத்தவளைத் திட்ட மனசு வராம அப்படிச் சொல்றாருன்னு நெனச்சேன். வாரா வாரம் நீங்க அதைப் போடறப்ப, அந்தச் சத்தம் நெஞ்சுல வந்து குத்தும். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போயிருவேன். அப்புறம் எந்த மூஞ்சியோட இந்தக் காருல ஏறி உக்கார்றது?"

மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. ஜெயபால் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தான். அவள் சொன்னது நிஜம். இப்போது சொன்னபிறகு அந்த வளைவும், சக்கரத்துக்குக் கல் வைத்ததும், பின்சீட்டிலிருந்து வந்த குரலும் எல்லாம் ஞாபகம் வந்தன. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது அவன் நினைப்பில் வரவில்லை. தன்னுடைய குற்றத்தைத் தானே வைத்துக்கொள்ள அவனுக்கு அவ்வளவு அவசரம். அதில் இன்னொருத்திக்கும் பங்கு இருக்கும் என்று அவன் பார்க்கவே இல்லை. போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாரா வாரம் ஒரு கிழவியை வீட்டுக்குள் விரட்டியிருக்கிறான். அவள் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள்.

நீங்கள் சொல்லவில்லை என்று சொல்ல வாய் வந்தது. அது பொய். அதை அவள் நம்பவும் மாட்டாள்.

"சொன்னது நீங்கதான்" என்றான் மெதுவாக. "கழட்டுனது நான். ரேவதி சிரிச்சா. அவளும்தான் ஒத்துக்கிட்டா. யாருக்கும் தெரியாதுங்க அத்தை. இது கண்ணாடிக்குன்னு மலையில ஒருத்தருக்கும் தெரியாது."

காசியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சிரிச்சாளா? எனக்கு ஞாபகம் இல்லியே. நான் முன்னாடி மூட்டை எறக்கறதையே பாத்துக்கிட்டு இருந்தேன். என்ன சொல்லிச் சிரிச்சா?"

ஜெயபால் யோசித்தான். ரேவதி காருக்கு வெளியே நின்றாள். முழங்கைவரை பீன்ஸ் கொடியின் பச்சை வாடை. அவள் எதையோ சொன்னாள், சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள், அவனும் சிரித்தான். ஸ்பானரை எங்கே வைத்தோம், எந்த போல்ட்டைத் தளர்த்தினோம், பெல்ட்டில் எந்த இடத்தில் வெடிப்பு இருந்தது, எல்லாம் வந்தது. அந்த வார்த்தை வரவில்லை. வண்டியின் ஒவ்வொரு மூட்டையும் சோப்புத் தண்ணீர் போட்டுக் காத்தவன், அதைக் காக்கவில்லை.

"வர மாட்டேங்குதுங்க அத்தை" என்றான்.

காசியம்மாள் அவனை விடவில்லை. நல்ல கண்ணை மூடி, மகள் என்ன சொல்லியிருப்பாள் என்று தானே தேடினாள்.

"மலையே ஒரு ஏசிப் பொட்டி, இதுக்குள்ள இன்னொரு பொட்டியா, அப்படின்னு ஏதாச்சும் சொல்லியிருப்பா. வாய்தான் அவளுக்கு."

அது ரேவதியின் பேச்சு இல்லை. ரேவதி அவ்வளவு நீளமாகப் பேசமாட்டாள். ரெண்டே வார்த்தையில் வெட்டிவிட்டுப் போகிறவள். அது காசியம்மாளின் தமாஷ்தான்.

"ஆமாங்க" என்றான் ஜெயபால். "அப்படித்தான் என்னமோ சொன்னா."

"பாத்தீங்களா" என்றாள் காசியம்மாள். குளிர்காற்று பட்டுத் தோள் நடுங்கியது. ஜெயபால் ஏசியைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனான். "இருக்கட்டும், கண்ணாடி தெரியட்டும்" என்று அவன் கையை விலக்கிவிட்டு, சாக்கை எடுத்து மேலே போர்த்திக்கொண்டாள். வண்டி அடுத்த வளைவை நோக்கி இறங்கியது. அவள் அந்த வாக்கியத்தை மகளின் குரலில் ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை சொன்னாள். ஜெயபால் முன்னால் தெளிவாகத் தெரிந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.